கரண்டு தாண்டாத சுவர்

அரசாங்கம் கொடுக்கிற சலுகையில் ஒரு துளி மிச்சம் வைக்காமலும், ஒரு துளி கூடுதலாகத் தொடாமலும் அளந்து அனுபவித்த மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவரும் எங்கள் எதிர்வீட்டில்தான் இருந்து தொலைக்க வேண்டுமா என்று நான் பலமுறை நொந்துகொண்டதுண்டு.

அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஏதோ ஒன்று அவருக்கு இருந்திருக்கும். பேகம்பூருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் அது யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் நூறு. வயதில் பெரியவர்களுக்கு வெறும் நூறு, சின்னவர்களுக்கு நூறு மாமா, எனக்கு நூறண்ணன். தபால்காரர்கூட கவரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது நூறு வீட்டுக்குத்தானே?” என்று எங்களிடம் விசாரித்துத்தான் கொடுப்பார்.

பெயர் வந்த கதை எளிது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் மின்சாரம் இலவசம் என்பது ஊரறிந்த விஷயம். என் வீட்டில் அந்த நூறு எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நூறண்ணனுக்குத் தெரியும். அவருக்கு பைபாஸ் ரோட்டில் ஒரு எடைமேடையில் வேலை. லாரி ஏறி நின்றதும் எண்ணைப் படித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். பகல் பூராவும் லாரியின் எடையைப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கரண்டு மீட்டரைப் படிப்பார். ஒரு நாளைக்கு நாலு தடவை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக இருக்கமாட்டார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பல்பு, ஒரு ஃபேன், சட்னி அரைக்க ஒரு மிக்ஸி. இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட் ஓடினால் அதிகம். வேறு யாராக இருந்தாலும் பில்லே வரவில்லை என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் துக்கம் காத்தார்.

நாங்கள் அந்தச் சந்துக்குக் குடிவந்த புதிது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாசற்படியில் இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஏதோ சாவுச் செய்தி போலிருக்கிறது என்று பயந்து, “என்னண்ணே ஆச்சு?” என்று கேட்டுவிட்டேன்.

“எழுபது போச்சு டீச்சர்.”

“எழுபதாயிரமா?”

“எழுபது யூனிட்டு. இப்பத்தான் ரீடிங் எடுத்துட்டுப் போறாங்க. நான் முப்பதுதான் ஓட்டியிருக்கேன். மிச்சத்தை அடுத்த தடவைக்குச் சேத்துத் தர மாட்டாங்களாம். ரேசன்ல சீனி போடுறாக, வேணாம்னு விட்டுட்டு வருவீகளா?”

வரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அடுத்த தடவையிலிருந்து அவர் முறையை மாற்றினார். ரீடிங் எடுக்க ஆள் வரும் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னால் தன் வீட்டுக் கதவைத் தெருவுக்குத் திறந்துவிட்டார். யார் எந்தக் கிழமை எதைக் கொண்டுவரலாம் என்று கதவில் சாக்பீஸால் எழுதினார். திங்கள் அயர்ன்பாக்ஸ், செவ்வாய் கிரைண்டர், புதன் மிக்ஸி, வியாழன் மறுபடியும் கிரைண்டர். செல்போன் சார்ஜுக்குக் கிழமை கிடையாது.

முதலில் வந்தவர்கள் பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள். அங்கே ஆறு குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து ஓனர் பெயரில் ஒரே இணைப்பு. அரசாங்கத்தின் சலுகை ஓனரோடு நின்றுவிடும். குடியிருப்பவர்களுக்கு உள்மீட்டர் ஒன்றை மாட்டி, அவர் வாயில் வருவதுதான் ரேட்டு. அந்தப் பெண்கள் ஊறவைத்த அரிசியும் கையுமாக வந்து நின்றபோது நூறண்ணன் முகத்தில் தெரிந்த பூரிப்பை நான் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில்கூடப் பார்த்ததில்லை. இரண்டாவது தடவை நானும் போனேன். கௌரவம் பார்த்தால் இட்லி வேகாது.

அங்கே ஒரே ஒரு ஆபத்து. நூறு நெருங்க நெருங்க அவர் மீட்டர் பெட்டிக்குக் கீழே டார்ச் லைட்டோடு நின்றுகொண்டு, பழைய ரீடிங்கை மனசிலேயே கழித்து, எடைமேடைக் குரலில் கத்த ஆரம்பிப்பார்.

“தொண்ணூத்தி எட்டு... தொண்ணூத்தி ஒம்போது... வரட்டும், வரட்டும்... நிப்பாட்டு. அம்புட்டுத்தான். எல்லாம் கையை எடு.”

கையை எடுத்தே ஆகவேண்டும். மெயினை அணைத்துவிடுவார். ஒருநாள் என் தேங்காய்ச் சட்னி பாதியில் நின்றது. “அண்ணே, ஒரே ஒரு சுத்து” என்று கெஞ்சினேன். “நூத்தி ஒண்ணு ஆயிரும் டீச்சர்” என்றார். அன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் பல்லில் சிக்கிய தேங்காயோடுதான் ஒளிச்சேர்க்கை நடத்தினேன். ரீடிங் எடுப்பவர் இரண்டு நாள் தாமதித்தால், அந்த இரண்டு நாளும் அண்ணன் பனையோலை விசிறியோடு இருட்டில் உட்கார்ந்திருப்பார். அவருடைய கரண்டு அட்டையில் தொகை எழுதும் இடத்தில் வருஷக்கணக்காகச் சைபரைத் தவிர எதுவும் ஏறியதில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் அந்த அட்டை இருக்கும். படத்தைத் துடைக்க மறந்தாலும் அட்டையைத் துடைப்பார்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. யாரோ ஒருவர், இப்படிக் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு அலைவதற்குப் பதில் சுவருக்கு மேலே ஒரு ஒயரை இழுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். நூறண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“கரண்டு சுவரைத் தாண்டுனா அது திருட்டு. ஆளு தாண்டி வந்தா விருந்து. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

இந்தச் சட்டத்துக்குச் சோதனையும் வந்தது. லைன் வீட்டு ஓனர், தன் உள்மீட்டர்கள் மெதுவாக ஓடுகிற வயிற்றெரிச்சலில், கரண்டு ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதிகாரி ஒருவர் இரண்டு பேரோடு வந்து இறங்கினார். உள்ளே மூன்று கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு பெண்கள். இரண்டு பேருக்குள் வாய்த் தகராறு வேறு.

“இது வீடா, மாவு மில்லா?” என்றார் அதிகாரி.

“வீடுதான் சார். ஒயரைப் புடிச்சுக்கிட்டே போய்ப் பாருங்க. ஒண்ணாச்சும் சுவரைத் தாண்டியிருந்தா என் கையில வெலங்கு மாட்டுங்க.”

பார்த்தார்கள். தாண்டவில்லை.

“இவங்கல்லாம் யாரு?”

“விருந்தாளிங்க.”

“விருந்தாளி வரும்போது அரிசி ஊறவச்சா கொண்டு வருவாங்க?”

“காசு வாங்கி அரைச்சாத்தான சார் மில்லு? ஒரு பைசா வாங்குனேனான்னு கேளுங்க.” பிறகு அதிகாரியின் கையைப் பார்த்தார். “சார் போன்ல சார்ஜ் கம்மியா இருக்கு போல. செத்த நேரம் உக்காருங்க, சொருகி விடுறேன். இன்னும் மூணு யூனிட்டு கெடக்கு.”

அதிகாரி உட்கார்ந்தார். போகும்போது போனில் அறுபது சதவீத சார்ஜும் கையில் அரைச் சொம்பு மாவும் வாங்கிக்கொண்டு போனதாக ஷகிலா சத்தியம் செய்தாள். மாவை நான் பார்க்கவில்லை.

ஷகிலா லைன் வீட்டில் மூன்றாவது போர்ஷன். புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவள் மாமனார் மைதீன் பாய், தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அந்தத் தெருவிலேயே நூறண்ணன் வீட்டுப் படியை மிதிக்காத ஒரே மனிதர். காரணம், அவருடைய ஆடு ஒருநாள் அண்ணனின் கரண்டு அட்டையில் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. அண்ணன் ஆட்டைத் திட்டினார். பாய் ஆட்டுக்காகப் பரிந்து வந்தார். “சைபர் போட்ட தாள்தானய்யா, அதுல என்ன சத்து இருக்குன்னு அது தின்னுச்சோ” என்று ஒரு வார்த்தை விட்டார். மூன்று வருஷம் பேச்சு அறுந்துவிட்டது.

போன கோடைக்கு முந்தின கோடையில் பாய்க்கு நெஞ்சு மோசமானது. தோல் ஷாப்பில் இழுத்த காற்றெல்லாம் சேர்ந்து கேள்வி கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ள வேண்டும், இரவு பகல் ஓடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் மெஷினை இரவல் கொடுத்தார். ஓனர் வந்து பார்த்துவிட்டு, “என் ஒயரிங் தாங்காது. அதைச் சொருகுறதா இருந்தா வீட்டைக் காலி பண்ணிருங்க” என்றார்.

ஷகிலா நேராக நூறண்ணனிடம் வந்தாள். சுவருக்கு மேலே ஒரே ஒரு ஒயர் என்று கேட்டாள். அவர் முடியாது என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. அவள் அழுதுகொண்டே திரும்பினாள். அதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் லைன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

“கட்டிலோட தூக்குங்கப்பா.”

நாலு பேர் தூக்கினார்கள். கட்டிலில் மைதீன் பாய் மூச்சு வாங்க வாங்கத் திட்டிக்கொண்டே வந்தார்.

“ஏலே, எறக்குங்கடா... அந்தக் கிறுக்கன் வீட்டுக்கா... மவுத்தானாலும் இங்கனயே...”

“பேசாம வாங்க பாய்” என்றார் நூறண்ணன். “திட்டுறதுக்கும் காத்து வேணும். உள்ள வந்து மெஷினைப் போட்டுட்டு நல்லாத் திட்டுங்க.”

பாய் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மூக்கில் குழாய் ஏறி, உதட்டின் நீலம் குறைந்ததும் முதல் வேலையாகத் திட்ட ஆரம்பித்தார்.

அந்த மெஷின் ஒரு நாளைக்கு ஏழெட்டு யூனிட் தின்னும். புது ரீடிங் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மீட்டர் நூறை நெருங்கிவிட்டது. வருஷக்கணக்காகக் காத்த சைபர். தெருவே வந்து கூடத்தில் நின்றது. அவர் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மீட்டருக்குக் கீழே போனார். பழக்க தோஷத்தில் நான் கையை எடுத்துக்கொண்டேன்.

“தொண்ணூத்தி ஒம்போது” என்றார். டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். “நூறு.”

மெயினுக்குப் பக்கத்தில் அவர் கை இருந்தது. மெஷின் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது.

“நூத்தி ஒண்ணு” என்று சொல்லிவிட்டு, போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான்.

ஆனால் எண் இல்லாமல் அவரால் ஒருநாள் வாழமுடியாது. மறுநாளே புது எல்லை பிடித்துவிட்டார். ஐநூறு. “அதுக்குள்ள நிறுத்திப்புடணும் டீச்சர். ஐநூறைத் தாண்டுனா கீழ உள்ள யூனிட்டுக்குக் கெடச்ச சலுகையும் கழண்டுரும். ரேட்டே வேற.” மெஷினுக்கே கிட்டத்தட்ட ஐநூறு வேண்டும். ஆகவே கதவில் இருந்த கிழமைகளை ஈரத்துணியால் அழித்தார். கிரைண்டர் கிடையாது, அயர்ன் கிடையாது, சார்ஜ் கிடையாது. தன் பல்பைக் கழற்றினார். தன் ஃபேனைப் பாய் தலைமாட்டுக்கு மாற்றி, வெயில் தாங்காத மதியங்களில் மட்டும் போட்டார். சாப்பாடு எடைமேடைப் பக்கத்துக் கடையில்.

தெருவுக்குக் கோபம் வந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கும் வந்தது. ஓசி என்று ஆரம்பித்தது உரிமையாகி ரொம்ப நாளாகியிருந்தது. ஒருநாள் அவர் காதில் விழும்படி, “ஊருக்கே சத்திரம் நடத்திட்டு இப்ப கதவைச் சாத்திக்கிட்டா எப்படி?” என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “டீச்சர், உங்க கிரைண்டர் நாலு நாளைக்கு ஓடுறது, பாய்க்கு ஒரு மத்தியானத்து மூச்சு” என்றார். அதற்கப்புறம் ஒரு வாரம் நான் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் பஸ் ஏறினேன்.

அறுபதாவது நாள் காலை மீட்டரில் நானூற்று எழுபத்தொன்பது. அன்றைக்கு ரீடிங் எடுத்தாக வேண்டும். ஆள் வரவில்லை. நூறண்ணன் ஆபீசுக்கு ஓடினார். ரீடிங் எடுப்பவர் லீவு, தங்கை மகளுக்குக் காதுகுத்து, நெய்க்காரப்பட்டிக்குப் போயிருக்கிறார், இரண்டு நாள் கழித்துத்தான் வருவார் என்றார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து ஷகிலாவிடம், “இன்னும் ரெண்டு மூணு நாள் ஓடுனா ஐநூறு தாண்டிரும்மா” என்று சொல்லிவிட்டு, தன் டி.வி.எஸ்.ஸை உதைத்தார். பாய் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நெய்க்காரப்பட்டி என்ன, பக்கத்துத் தெருவா? பழனியையும் தாண்டிப் போகவேண்டும். அந்த டி.வி.எஸ். பேகம்பூர் மேட்டில் ஏறவே யோசிக்கும். எப்படியோ போய்ச் சேர்ந்து, பந்தலில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்த மனிதரின் கையைப் பிடித்திருக்கிறார்.

“ஏனுங்க, இதுக்கா இத்தனை தூரம் வந்தீங்க?” என்றிருக்கிறார் அவர். “ரீடிங் மெஷின் ஆபீஸ்ல இருக்குதுங்க. நான் வந்து நேர்ல பார்க்காம எழுத முடியாதுங்க. மொதல்ல எலையில உக்காருங்க.”

அண்ணன் உட்காரவில்லை. ஒரு டம்ளர் பாயசம் மட்டும் நின்றவாக்கில் குடித்ததாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அவர் திரும்பி வந்தபோது கூடத்தில் நான் இருந்தேன், தெருவில் பாதி இருந்தது. மத்தியானம் ஷகிலா துணி காயப்போடப் போன நேரத்தில் மைதீன் பாய் தானே கையை நீட்டி மெஷினை அணைத்துவிட்டார். எவ்வளவு நேரம் அணைந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவள் வந்து பார்த்தபோது உதடு, நகம் எல்லாம் நீலம். அலறிக்கொண்டே சுவிட்சைப் போட்டிருக்கிறாள். இப்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

நூறண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

“எதுக்கு அணைச்சீக?”

“நம்பர் தாண்டிரும்னியே” என்றார் பாய். “ஒரு சைபரை ஆடு தின்னுச்சு. மிச்சத்தை நான் தின்னுட்டேன். இதாச்சும் நிக்கட்டும்னு...”

அதுவரை அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதெல்லாம் மீட்டருக்குக் கீழே நின்றுதான். அன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் கத்தினார். என்ன கத்தினார் என்று முழுக்கப் புரியவில்லை. பாதியில் அழுகை வந்துவிட்டது. பிறகு உள்ளே போய் ஒரு பூட்டைக் கொண்டுவந்து மீட்டர் பெட்டியைப் பூட்டினார். சாவியை ஷகிலா கையில் வைத்தார்.

“இனிமே இந்த வீட்டுல யாரும் நம்பர் பாக்கக் கூடாது. நான் கெஞ்சுனாலும் சாவியைத் தராத.”

கெஞ்சினார். மறுநாள் காலையிலேயே கெஞ்சியதாக அவள் சொன்னாள். தரவில்லை.

மூன்றாம் நாள் ரீடிங் எடுப்பவர் வந்தார், கையில் காதுகுத்து வீட்டுப் பலகாரப் பையோடு. ஷகிலா பெட்டியைத் திறந்துவிட்டாள். நூறண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, இரண்டு காதிலும் விரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். ஓடிய யூனிட் எத்தனை என்பதை வந்தவர் உரக்கச் சொன்னார். நான் அட்டையை வாங்கிக்கொண்டேன். அண்ணனின் செல்லுக்கு வந்த மெசேஜை ஷகிலா அழித்தாள். பில்லைக் கட்டுவதற்குத் தெருவில் அடிதடி ஆகாத குறை. அவரவர் அரைத்த மாவு அவரவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும்.

“தெரிஞ்சுக்கிட்டா என்னண்ணே? உங்க மீட்டர்தானே?” என்று அவரிடம் கேட்டேன்.

“எடைமேடையில நின்னவன் டீச்சர் நான். இம்புட்டு வருசத்துல லாரியைப் பாத்தா லாரி தெரியாது, எடைதான் தெரியும். அந்த நம்பர் தெரிஞ்சுபோச்சுன்னா, பாயைப் பாக்குறப்பல்லாம் அதுதான் கண்ணுக்கு முன்னாடி நிக்கும். ஒரு மனுசனை அப்பிடிப் பாத்துறக் கூடாது.”

அதோடு அவர் மீட்டரையே மறந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் பொய். பழைய ரீடிங் அவருக்கு மனப்பாடம், பெட்டியைத் திறந்து பார்த்தால் மனசிலேயே கழித்து அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் இப்போது தினமும் நாலு தடவை ஷகிலா பார்த்து, புதுக்கணக்கில் ஓடியதை மட்டும் சொல்கிறாள். மைதீன் பாய் தேறிவிட்டார். மெஷின் ராத்திரிக்கு மட்டும்தான். கட்டில் இன்னும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. இருவருக்கும் ஃபேன் வேகத்தை வைத்துச் சண்டை வந்து மறுபடியும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லி அனுப்புகிறார்கள்.

ஐநூறைத் தாண்டியதா, தாண்டவில்லையா? கேட்பீர்கள் என்று தெரியும். அந்த எண் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் இங்கே எழுதமாட்டேன். நூறண்ணன் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்கிப் படிக்கிறவர்.